காதிலிருந்து எழுத்துக்கு: தொடக்க வகுப்புகளில் ஒலிப் பயிற்சியும் தமிழ் வாசிப்பும்

(வடசென்னையின் டோல்கேட் பகுதியில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தமிழ்ச் சொல் ஒன்றைத் தானே வாசித்தறிவதற்கு வேண்டிய ஒலியறிவின் பெரும்பகுதி, குழந்தை பள்ளிக்கு வரும்போதே அதன் காதிலும் நாவிலும் அமைந்திருக்கிறது. அவ்வறிவு தன்னிடம் இருப்பதைக் குழந்தை உணரும்படி செய்து, அதன்மேல் எழுத்தைப் பொருத்துவதே முதல் வகுப்பின் முதற்பணி. அப்பொருத்தத்துக்குத் தமிழில் இயல்பான அளவு அசை. இவையே இவ்வுரை நிறுவ முயலும் கருத்துகள். அசை என்பது இங்கு யாப்பிலக்கணத்தின் நேரசை நிரையசைகளைக் குறிப்பதன்று; 'க', 'கா', 'கல்' என ஒரே முயற்சியில் வாயிலிருந்து வெளிப்படும் ஒலிக்கூறு என்னும் மொழியியற் பொருளிலேயே ஆளப்படுகிறது.

இக்கருத்துகளைச் சோதித்துப் பார்க்க டோல்கேட்டை விடப் பொருத்தமான இடம் அரிது. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இருபுறமும், தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரையிலும் வடக்கே எண்ணூர் ஆலைகள் வரையிலும், வட்டாரத் தமிழ் பேசும் மீனவர் குடும்பங்களும், தலைமுறைகளாக வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும், பர்மாவிலிருந்து திரும்பியோரின் வழிவந்த குடும்பங்களும், அண்மைக் காலத்தில் பிழைப்புத் தேடி வந்த இந்தி, ஒடியா மொழிக் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன. பாடநூல் எதிர்பார்க்கும் ஒரே வகைக் காது இங்குள்ள வகுப்பறைகளில் கிடைப்பதில்லை.

1. வாசிப்பு என்பதன் கூறுகள்

வாசிப்பை இரண்டு திறன்களின் பெருக்கமாகக் காணலாம் என்று காஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டில் முன்வைத்தனர். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. கூட்டல் என்னாமல் பெருக்கம் என்றதில்தான் அக்கருத்தின் கூர்மை உள்ளது. இரண்டில் ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமே. பாடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, அதே பாடத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டால் விழிக்கும் குழந்தையிடம் முதல் திறன் இல்லை. தமிழ் எழுத்துகளைத் தடையின்றி ஒலித்தும் பொருள் அறியாத ஒடியா மொழிக் குழந்தையிடம் இரண்டாம் திறன் இன்னும் உருவாகவில்லை. இருவரையும் 'வாசிக்கத் தெரியாதவர்' என்னும் ஒரே பட்டியலில் சேர்ப்பது, இரு வேறு நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுப்பதாகும்.

அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, தொடக்கநிலை வாசிப்புக்கு ஒலியன் உணர்வு, ஒலி–எழுத்துத் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளுணர்வு ஆகிய ஐந்தையும் இன்றியமையாதவை எனக் கொண்டது. ஒலியன் உணர்வு என்பது, சொல்லின் பொருளை ஒதுக்கிவைத்து அதன் ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் பார்க்கும் திறன். ஒலி–எழுத்துத் தொடர்பைப் படிமுறையாகக் கற்பிப்பதையே உலகெங்கும் ஃபோனிக்ஸ் என்கின்றனர். இப்பெயர் தமிழ்நாட்டுப் பெற்றோரிடம் தனியார் பள்ளி விளம்பரங்கள் வழியாகவே அறிமுகமானதால், அது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய ஏதோ ஒரு வித்தை என்னும் எண்ணம் பரவியிருக்கிறது. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்க வேண்டிய ஆங்கிலத்துக்கு அம்முறை தவிர்க்க இயலாத தேவை. ஓர் எழுத்தைக் கண்டால் அதன் ஒலியைப் பெரும்பாலும் ஐயமின்றிச் சொல்லிவிடக்கூடிய தமிழில் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலத்தின் தீர்வை அப்படியே இறக்குமதி செய்தால் அச்சிக்கல் கண்ணுக்குப் படாமலே போகும்.

2. இம்மண்ணின் பழைய பாடங்கள்

ஒலிகளை வகைப்படுத்தும் கல்வி திருவொற்றியூருக்குப் புதிதன்று. தியாகராச சுவாமி கோயிலில் வடமொழி இலக்கணம் கற்பிப்பதற்கென மண்டபம் ஒன்று இருந்ததையும், அதன் பராமரிப்புக்கு நிலம் அளிக்கப்பட்டதையும் சோழர் காலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. பாணினிக்கு இறைவன் அருளியதாகச் சொல்லப்படும் பதினான்கு சூத்திரங்கள் அம்மண்டபத்தோடு தொடர்புபடுத்தப்பட்டன. அப்பதினான்கும் மொழியின் ஒலிகளை அவற்றின் உறவு நோக்கி அடுக்கிய ஒரு பட்டியலே ஆகும். தமிழில் தொல்காப்பியம் முப்பது முதலெழுத்துகளை வகுத்து, ஒவ்வொன்றும் வாயில் எங்கே எவ்வாறு பிறக்கிறது என்பதற்கென்றே பிறப்பியலைத் தந்தது. எழுத்தைக் கற்பிப்பவர் ஒலியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு மேலைநாட்டுச் சான்று மட்டுமே உண்டு எனக் கருதுவோர் இவ்விரண்டையும் நினைவிற்கொள்வது நன்று.

சென்னை நகரம் உலகத் தொடக்கக் கல்விக்கு வழங்கிய கொடை ஒன்றும் உண்டு. எழும்பூரில் 1789ஆம் ஆண்டு தொடங்கிய ஆண் அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். பெரிய ஆசிரியர்கள் மறுத்தபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே மணல் வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே அது 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் பிரித்தானியப் பள்ளிகளில் பரவியது. மணலில் எழுதும் குழந்தை எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியதால் கை, கண், காது மூன்றும் ஒரே நொடியில் ஒன்றுபட்டன. அம்முறையின் வலிமை அங்கேதான் இருந்தது. ஆயினும் திண்ணைப் பள்ளிக்கூடத்தை மிகையாகப் போற்றுவதும் தகாது. பிரம்பும், பொருளறியாத மனப்பாடமும், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்த வாயிலும் அதன் மறுபக்கம்.

3. அசையே அளவு

தமிழ் எழுத்து முறை, ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் உரோமானிய முறையைச் சார்ந்ததும் அன்று; அசைக்கு ஓர் எழுத்து என்னும் சப்பானியக் கானா முறையைச் சார்ந்ததும் அன்று. உயிர்மெய் எழுத்து ஒன்றில் மெய்யும் உயிரும் ஒலியால் பிரிந்தும், வடிவத்தால் ஒன்றாக இணைந்தும் நிற்கின்றன. இவ்வகை எழுத்து முறையைக் கற்கும் குழந்தைகளுக்கு அசை உணர்வு முன்னதாகவும் எளிதாகவும் வாய்க்கிறது என்பதையும், தனி ஒலியன் உணர்வு மெதுவாகவே மலர்கிறது என்பதையும், எழுத்துத் தொகுதி முழுவதையும் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரையிலும்கூட ஆகலாம் என்பதையும் கன்னடக் குழந்தைகளைக் கொண்டு சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தமிழும் கன்னடமும் எழுத்தமைப்பில் உடன்பிறப்புகள் என்பதால், முதல் வகுப்பு முடிவதற்குள் 247 எழுத்துகளும் தெரிந்துவிட வேண்டும் என்று குழந்தையையும் ஆசிரியரையும் நெருக்குவதன் பொருத்தமின்மை விளங்கும்.

அசையைக் காதுக்குக் காட்டுவதற்குத் தமிழ்க் குழந்தைக்கு வெளியிலிருந்து கருவி எதுவும் வர வேண்டியதில்லை. முதலெழுத்து ஒன்றிவருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. பள்ளி வாயிலை மிதியாத பாட்டியின் தாலாட்டிலும் விடுகதையிலும் இவை இரண்டும் இயல்பாக ஓடுகின்றன. ஆங்கில ஒலிப் பயிற்சி, சொல்லின் முதல் ஒலியை மட்டும் மாற்றி முடிவை ஒன்றாக வைத்துக் குடும்பங்களை அமைக்கிறது. தமிழில் அதற்கு நேரான வேலையை எதுகைக் குடும்பம் செய்யும். 'கட்டம், சட்டம், பட்டம், மட்டம், வட்டம்' என்னும் வரிசையைக் கைதட்டிச் சொல்லும் குழந்தை, முதல் அசை மட்டும் மாறுவதையும் எஞ்சியது மாறாததையும் எழுத்து ஒன்றும் அறியாமலே காதால் பிடித்துவிடுகிறது. அதன்பின் அச்சொற்களைக் கரும்பலகையில் கண்டால், மாறும் எழுத்து எது என்று தானே சுட்டும். குறில் நெடில் வேறுபாட்டுக்கும் இதே வழி உதவும். 'பல்–பால்', 'கல்–கால்', 'படம்–பாடம்' என்னும் இணைகளில் ஒரு மாத்திரைக்கும் இரண்டு மாத்திரைக்கும் இடையிலான வேறுபாட்டைக் குழந்தை முதலில் கையை நீட்டிக் காட்டிப் பழகினால், துணைக்கால் என்னும் குறி எதற்காக வந்தது என்று விளக்கவே தேவையிருக்காது.

நாள்தோறும் பத்து நிமிடம், எழுத்தே இல்லாமல், காதுக்கு மட்டும் ஒதுக்கப்படுமானால் முதற் பருவத்துக்கு அது போதும். அப்பத்து நிமிடம் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதுதான் கடினம். குறிப்பேட்டில் எழுதிக்காட்ட ஒன்றுமில்லாத வகுப்பைப் பார்வையிட வரும் அலுவலர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

4. எழுத்தின் பெயரும் வரிசையும்

மெய்யெழுத்துகளை 'இக், இங், இச், இஞ்' எனச் சொல்லிக் கொடுப்பது தமிழ்நாடு முழுவதும் வேரூன்றிய வழக்கம். மெய்யைத் தனியே ஒலிக்க இயலாது என்பதால் முன்னே ஓர் இகரத்தைத் துணைக்கு அழைத்தனர், அதில் குற்றமில்லை. ஆனால் 'பல்' என்பதை எழுத்துக் கூட்டும் குழந்தை 'ப, இல்' என்று சொல்லி 'பயில்' என முடிக்கும்போது, அத்துணையே தடையாகிவிடுகிறது. எழுத்தின் பெயர் வேறு, சொல்லுக்குள் அதன் ஒலி வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்து, 'ப' என்று தொடங்கிய மூச்சை நிறுத்தாமல் நாவை மேலே தொட்டு 'பல்' என முடிக்கப் பழக்குவதே இதற்கு வழி. கூட்டிப் படிக்கும்போது இடையில் மூச்சை விடாதிருத்தல் என்னும் இச்சிறிய நுணுக்கம் பெரும் மாற்றத்தைத் தரவல்லது.

அகர வரிசை அகராதி பார்ப்பதற்கு உரிய வரிசை. கற்பதற்கு உரிய வரிசை அதுவே ஆக வேண்டும் என்பதில்லை. 'அ' முதல் 'ஔ' வரை பன்னிரண்டு உயிர்களைக் கற்று முடித்த குழந்தை அவற்றை மட்டும் கொண்டு படிக்கக்கூடிய சொற்கள் 'ஆ', 'ஈ' என இரண்டொன்றே. மாறாக, க, ட, ப, ம, வ ஆகிய ஐந்தோடு ல், ம், ட் என்னும் மூன்று மெய்களையும் துணைக்காலையும் கற்ற குழந்தை 'கடல், படம், பட்டம், கால், பால், மடல், வட்டம், பாடம்' எனப் பல சொற்களை அன்றே படித்துவிடும். தான் படித்தது தான் அறிந்த பொருளுக்குரிய சொல் என்னும் உணர்வே அடுத்த எழுத்துக்கு அதை இழுத்துச் செல்கிறது. காசிமேட்டுக் குழந்தைக்கு 'கடல், வலை, படகு, இறால், நண்டு' என்பவை முதல் மாதத்துச் சொற்களாகத் தகுதி பெற்றவை. படம் பார்த்து அறிய வேண்டிய 'ஔடதம்' காத்திருக்கலாம்.

உயிர்க்குறிகளிலும் எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் வரிசை உண்டு. வலப்புறம் நிற்கும் துணைக்காலும், மேலே வளையும் இகர, ஈகாரக் குறிகளும் முதலில் வரத்தக்கவை. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலியால் பின்னே வந்தும் எழுத்தால் முன்னே நிற்கின்றன; ஒகர, ஓகாரங்களோ இருபுறமும் சூழ்கின்றன. 'டோல்கேட்' என்னும் பெயர்ப்பலகையில் முதற்கண் காணப்படுவது டகரம் அன்று, இரட்டைக் கொம்பு. இடமிருந்து வலமாகப் படி என்று கற்பிக்கப்பட்ட குழந்தை அங்கே தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று. எல்லாவற்றிலும் கடினமானவை உகர, ஊகார வரிசைகள். கு, சு, து, மு எனக் குறியின் வடிவம் எழுத்துக்கேற்ப வேறுபடுவதால் அந்த 36 எழுத்துகளையும் ஒரே விதியால் கற்பிக்க இயலாது. நன்கு பழகிய சொற்களின் வழியே தனித்தனியாகத்தான் பதிக்க வேண்டும். பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் ஒழுங்கற்ற பழைய வடிவங்கள் நீங்கிக் குழந்தையின் சுமை சற்றுக் குறைந்தது. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் சீராக்கக் கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி வாதாடியது நடைமுறைக்கு வரவில்லை. வடிவம் மாறாத நிலையில், கற்பிக்கும் வரிசையையேனும் மாற்றிக்கொள்வது ஆசிரியர் கையில் உள்ளது.

5. குழந்தையின் பேச்சும் பாடநூலின் எழுத்தும்

இவ்வுரையின் மையம் இப்பகுதியே. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுபடுவதை யாவரும் அறிவர். அவ்வேறுபாடு முதல் வாசிப்பில் எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

முதற்பாடத்திலேயே இடம்பெறும் 'மரம்', 'படம்' என்னும் சொற்களை எடுத்துக்கொள்வோம். அன்றாடப் பேச்சில் இவற்றின் ஈற்று மகரம் இதழ் மூடி ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிர் மூக்கின் வழியே ஒலிப்பதோடு சொல் முடிந்துவிடுகிறது. 'அவன்', 'வந்தான்' என்பவற்றின் னகரமும் அவ்வாறே மறைகிறது. ஆகவே 'மரம் என்பதன் கடைசி ஒலி எது' என்று கேட்கப்பட்ட குழந்தை விழித்தால், அது தன் காதுக்கு உண்மையாக இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அம்மகரத்தை வெளிக்கொணர எளிய வழி ஒன்று உண்டு: 'அது மரமா?' என்று கேட்டு, 'மரமா' எனக் குழந்தையையே சொல்லவைத்தால், பின்னே உயிர் வந்தவுடன் மறைந்திருந்த மகரம் தெளிவாக ஒலிக்கும். 'அவனா', 'வந்தானா' என்பவற்றில் னகரம் ஒலிக்கும். குழந்தையின் பேச்சுக்குள்ளேயே எழுத்துக்கான சான்று இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வடசென்னைப் பேச்சில் 'பழம்' என்பது பலர் வாயில் 'பயம்' என்றே ஒலிக்கிறது. 'வீடு' 'வூடு' ஆகிறது. அச்சிலுள்ள 'பழம்' என்பதைக் கண்டு 'பயம்' என ஒலித்து, கேட்டால் வாழைப்பழத்தைச் சுட்டும் குழந்தை வாசிப்பில் தவறவில்லை. ஒலிப்பில் தன் தெருவைச் சார்ந்திருக்கிறது. அச்சொல்லைக் கண்டு அச்சத்தைப் பொருளாகச் சொல்லும் குழந்தையிடம்தான் வாசிப்புப் பிழை உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒவ்வொரு ழகரத்துக்கும் நிறுத்தித் திருத்தும் வகுப்பறையில், குழந்தை வாயை மூடிக்கொள்வதையே விரைவில் கற்றுக்கொள்கிறது.

ஒலியால் தீர்க்க முடியாத எழுத்துகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ரகரமும் றகரமும் இன்றைய பேச்சில் பெரும்பாலோர்க்கு ஒன்றே. 'கரி', 'கறி' ஆகியவற்றைக் காதால் பிரி என்று சொல்வதில் பயனில்லை, கண்ணால் பதியவைப்பதே முறை. நகர, னகரங்களுக்கோ எளிய இடவிதி உள்ளது. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் 'ந', ஏனைய இடங்களில் பெரும்பாலும் 'ன' என்பதை இரண்டாம் வகுப்புக் குழந்தையே எடுத்துக்காட்டுகளிலிருந்து கண்டுபிடித்துவிடும்.

வல்லின எழுத்துகளின் நிலை இன்னும் நுட்பமானது. 'பம்பரம்' என்னும் சொல்லில் பகரம் இருமுறை வருகிறது. முதலில் வன்மையாகவும், மகரத்தை அடுத்து மென்மை கலந்தும் ஒலிக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை இவ்வேறுபாட்டை உணராமலே சரியாக ஒலிக்கும் என்பதால் அதற்கு விதி எதுவும் சொல்லத் தேவையில்லை. தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் இருப்பதால், அம்மொழிக் குழந்தை 'ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி எப்படி' எனத் திகைப்பது இயல்பே. அதற்கு மட்டும், சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மை, மெல்லினத்தை அடுத்து மென்மை என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். 'பஸ்', 'கேட்' போன்ற கடன்சொற்கள் இவ்விதியை மீறுவதால், தெருவில் அன்றாடம் காணப்பட்டாலும் அவற்றை முதல் மாதங்களின் வாசிப்புப் பாடத்தில் சேர்க்காமல், விதி பழகியபின் சேர்ப்பது நலம். ஆக, ஒரே வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தேவையற்ற விளக்கம் அடுத்த குழந்தைக்கு இன்றியமையாததாகிறது. வீட்டுமொழியை அறியாமல் ஒலிப் பயிற்சி அளிக்க இயலாது என்பதன் காரணம் இதுவே.

6. அரசுத் திட்டங்களும் அளவீடும்

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றித் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. கற்றல் ஏணியும் அட்டைகளும் தரையோரக் கரும்பலகையும், குழந்தை தன் வேகத்தில் முன்னேற இடமளித்தன. ஆசிரியரை மேசையிலிருந்து பாய்க்கு இறக்கியதே அதன் பெருஞ்சாதனை எனலாம். எனினும் அட்டைக்கு வாயில்லை. எழுத்தின் வடிவத்தைத் தனியே பயின்று முன்னேறும் குழந்தை, அதன் ஒலியைச் சரியாகக் கேட்டதா, கூட்டி ஒலித்ததா என்பதை ஒவ்வொரு படியிலும் உறுதிசெய்ய ஆசிரியரின் காது தேவைப்பட்டது. பல நிலைக் குழந்தைகள் நிறைந்த வகுப்பில் அதற்கு நேரம் வாய்ப்பது அரிதாயிற்று.

பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025க்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுவதை இலக்காகக் கொண்டு, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்திப் பாடலுக்கும் கதைக்கும் உரிய இடத்தை மீட்டுத் தந்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அரும்பு நிலையில் நிறுத்தப்பட்ட இரு குழந்தைகள் ஒரே காரணத்தால் அங்கே நிற்பதில்லை என்பதை முன்னர்க் கண்டோம். நிலையைச் சொல்லும் மதிப்பீடு காரணத்தைச் சொல்வதில்லை.

காரணத்தை அறியும் கருவி ஒன்றை இங்கிலாந்திலிருந்து கடன் வாங்கலாம். அங்கு 2012 முதல் ஆறு வயதையொட்டிய குழந்தைகளுக்கு 40 சொற்களைப் படிக்கக் கொடுக்கின்றனர். அவற்றுள் பாதி பொருளற்ற புனைசொற்கள். மனப்பாடமோ படத்தை வைத்த ஊகமோ புனைசொல்லில் உதவாது. 'மகல்', 'பமடம்', 'படுலை' போன்ற பத்துச் சொற்களைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துப் பார்த்தால், எழுத்தைக் கூட்டும் திறன் உண்டா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்து ஒரு சிறு கதையை வாய்மொழியாகச் சொல்லி இரண்டு கேள்வி கேட்டால் மொழிப் புரிதலின் நிலையும் தெரியும். இச்சோதனை ஆசிரியரின் பயன்பாட்டுக்கு மட்டும் உரியது; இதன் எண்களைத் திரட்டிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கினால், அடுத்த ஆண்டே 'பமடம்' மனப்பாடப் பாடமாகிவிடும்.

இவ்வவையிலுள்ள ஆசிரியர்களிடம் முன்வைக்கப்படும் வேண்டுகோள் ஒன்றே. வரும் ஜூனில் முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுமொழியையும் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, முதல் மூன்று வாரம் அக்குழந்தைகள் தம்முள் பேசும் சொற்களைக் கேட்டு ஐம்பதைத் திரட்டி, அவற்றிலிருந்தே முதற்பருவத்து வாசிப்பு அட்டைகளைத் தம் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பள்ளிகளோடு அவற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.